ஐஸ் பெட்டியில் போன புட்டி

புது ப்ளைவுட் அலமாரியைத் திறந்ததும் மூக்கைக் கிள்ளியது அந்த வாடை. பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு. கண் கரித்தது, கூடவே கம்பத்திலிருந்து தேனிக்குப் போன ஒரு பஸ் பயணம் ஞாபகத்தில் ஏறிக்கொண்டது.

என் மனைவியின் மார்புக் கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஃபார்மலின், அதாவது தண்ணீரில் கரைத்த அதே ஃபார்மால்டிஹைடு, நிரப்பிய புட்டியில் போட்டுக் கம்பம் ஆஸ்பத்திரியில் தந்திருந்தார்கள். தேனி ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். புற்றா இல்லையா என்று அந்தத் துண்டுதான் சொல்லும். அது கெட்டால் அவளுக்கு இன்னொரு முறை கத்தி.

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனன் புட்டியை வாங்கிப் பார்த்தான்.

"என்ன மாமா, பறிச்ச பழத்தையே வெயில் படாம வெள்ளன ஏத்துறோம். இது சதை. சும்மாவா கொண்டு போவீக?"

மீன்கடையில் தெர்மாகோல் பெட்டி வாங்கி, ஐஸை உடைத்துப் போட்டு, நடுவில் புட்டியைப் புதைத்தான். எனக்கும் சரியென்றே பட்டது. அவனும் கூடவே பஸ் ஏறினான். சின்னமனூர் தாண்டுகையில் பெட்டி கசிந்து என் வேட்டி நனைந்தது.

ஆய்வகத்து டாக்டரம்மா மூடியைத் திறந்தார். "மீனா கொண்டு வந்திருக்கீக?"

மைத்துனன் முகம் சுண்டிப்போயிற்று. "கெட்டுப் போச்சுங்களா? அக்காவுக்கு மறுபடி அறுக்கணுமா?"

அவர் புட்டியைச் சாய்த்துப் பார்த்தார். உறைந்திருந்தால் பனி ஊசிகள் செல்களைக் கிழித்திருக்குமாம். உறையவில்லை. குளிரில் மருந்து சோம்பிவிட்டது, அவ்வளவுதான்.

"இந்த மருந்துக்கு ஐஸே ஆகாது. வெளியவே இருக்கட்டும், அது வேலையை அது பாக்கும்."

ஃபார்மால்டிஹைடு சதைக்குள் மெல்ல நுழைந்து, ஒரு புரத இழையை இன்னொன்றோடு முடிச்சுப் போடும். பந்தல் கம்பியில் கொடியைக் கட்டுகிறோமே, அப்படி. பிறகு எதுவும் சரியாது, அழுகாது. அதுவரை எனக்கு அது பிண வாடை. அன்றைக்கு, 'இருந்தபடியே இரு' என்று அவள் சதையிடம் யாரோ தணிந்து சொல்வதுபோல் இருந்தது.

முடிவு வாங்கப் போனபோது அவளும் வந்தாள். தம்பிக்காரன் அதே பெட்டியைத் தூக்கி வந்தான். உள்ளே பன்னீர் திராட்சை.

"கெட்ட கட்டி இல்லம்மா. நிம்மதியாப் போங்க."

அவள் நாற்காலிக் கையை விடவேயில்லை. கண் நிறைந்து, பிறகு சிரித்தாள். "ஏலே, அந்தத் துண்டு ஒன் ஐஸுக்கே தப்பிச்சிருச்சு, இனி எனக்கென்ன!"

டாக்டரம்மா ஒரு பழத்தை வாயில் போட்டார். வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும்.

"இதுக்கு ஐஸ் வைக்கலையா?"

"பயமா இருந்துச்சுங்க."

வாசல் வரை வந்து வழியனுப்பினார். "பழத்துக்கு வைக்கலாம், தம்பி."