வினோதினி திருத்திய எண்

வினோதினி எதையும் உத்தேசமாகச் சொல்ல மாட்டாள். டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் பதில் வரும். வேங்கிக்காலைத் தாண்டி இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரியில் எரிபொருள் ஆய்வகம் அவள் பொறுப்பு, சாமான் கிடங்கு என் பொறுப்பு. ஒரு கிராம் எண்ணெயை இரும்புக் குடுவைக்குள் எரிப்பாள். சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்று பார்த்து, அந்த எண்ணெயின் வெப்ப மதிப்பைச் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை உத்தேசம் போட்டாள். அதற்கும் நான்தான் காரணம். எண்ணெய் எரிக்கும் அந்தக் கருவி பழுதாகி, அதற்குப் பாகம் வாங்காமல் ஒரு மாதமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்து முருகவேல் வந்தார். ரமணாசிரமம் பக்கத்து ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, டீசல் போல் எரியும்படி மாற்றி, ஒரு பேக்கரியின் அடுப்புக்கு விற்பவர். பேக்கரியில் ரிப்போர்ட் கேட்டார்களாம். வினோதினி எண்ணெயின் அடர்த்தியை அளந்தாள், புத்தகத்திலிருந்த சூத்திரத்தில் போட்டாள், கிலோவுக்கு 10,780 கிலோகலோரி என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தபோது முகத்தில் களையே இல்லை.

"ரிப்போர்ட்ல இருக்கற சூடு அடுப்புல இல்லன்றாங்க மேடம். எண்ணெய் ஜாஸ்தி குடிக்குதாம். நான் என்னமோ கலந்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க."

அதற்குள் கருவி சரியாகியிருந்தது. அவர் கொண்டுவந்த எண்ணெயை மூன்று முறை எரித்தாள். 9,480. அலமாரியில் மிச்சமிருந்த பழைய மாதிரியையும் எரித்தாள். அதே 9,480.

"அந்தச் சூத்திரம் டீசல், மண்ணெண்ணெய்க்குப் போட்டதுங்க. சமையல் எண்ணெய்ல ஆக்சிஜன் கலந்தே இருக்கு, சூடு கம்மியாத்தான் வரும். தப்பு உங்க எண்ணெய்ல இல்ல. நான் போட்ட கணக்குல."

அவளைத் தனியே கூப்பிட்டு, "புது ரிப்போர்ட்ட மட்டும் குடுத்துடு. பழச பத்தி எழுதினா உன் வேலைக்கே ஆபத்து" என்றேன். அவள் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கமாகிவிட்டது. 'முதலில் கொடுத்த எண் என் பிழை. எண்ணெயில் கலப்படம் இல்லை' என்று தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினாள்.

முருகவேல் அதை இரண்டு தரம் படித்தார்.

"இன்னொரு காப்பி கெடைக்குமா மேடம்?"

"பேக்கரிக்கு ஒண்ணு போதுமே."

"வீட்டுக்குங்க. என் சம்சாரமும் என்னை நம்பல."