பெடல் வாங்க வந்த காதுகள்

செருப்பு விற்கிறவருக்கு வாடிக்கையாளரின் கால் தெரிந்தால் போதும். கிட்டார் பெடல் விற்கிறவன்தான் அடுத்தவர் காதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.

ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு இசைக்கருவிக் கடை. முதலாளி பாஸ்கர் அண்ணன். பெடல் கவுண்டரில் நிற்பது நான். பெடல் என்றால் ஒன்றும் இல்லை, கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் செருகுகிற உள்ளங்கை அகல இரும்பு டப்பா. காலால் ஒரு அழுத்து அழுத்தினால் சத்தத்துக்கு எதிரொலி வரும், அல்லது கரகரப்பு வரும். மேலே ரெண்டு மூணு குமிழ் இருக்கும், திருகிக்கொள்ளலாம். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: எது நல்ல சத்தம்? கடையில் நின்று பிழைக்கிறவர்களே, உங்களுக்கே தெரியும். அப்படிக் கேட்கிறவர் மனதில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கும். நாம் காட்டுவது அதுவாக இருக்காது.

ஷூவோடு வந்தவர்

ஜோசப் அண்ணன் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராகக் கடைக்குள் வந்தார். பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை வைத்து ஓங்கி அடிக்கிற மெஷின். ஞாயிற்றுக்கிழமை ஊர் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவர், எக்கோ பெடல் ஒன்று வேண்டும் என்றார். தரையில் வைத்துக் காட்டினேன். காலில் கம்பெனி ஷூ, முனையில் இரும்பு வைத்தது. சுவிட்சை மிதித்த வேகத்தில் ஷூ முனை பட்டு, கீச்சுச் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ட்ரெபிள் குமிழ் கடைசிவரைக்கும் சுற்றிவிட்டது.

கம்பியால் பல்லைக் குத்தினது மாதிரி ஒரு சத்தம். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் மெதுவாகக் குனிந்து குமிழைக் குறைத்தேன். அண்ணனும் மெதுவாகக் குனிந்து, பழையபடி ஏற்றிவிட்டார். அவர் ருசி அப்படி என்று நினைத்துக்கொண்டு பில் போட்டேன். போகும்போது ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார்: "இதான்ப்பா சவுண்டு. மத்ததெல்லாம் வாயில துணி வெச்சிக்கினு பாடுற மாதிரி கீது."

ஓகேவா, ரிஜெக்டா

தினேஷ் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். போனில் சத்தம் அளக்கிற ஆப்போடு வந்தார். இந்தப் பெடலுக்கு டாலரன்ஸ் எவ்வளவு, அதாவது அளவு எவ்வளவு தப்பினால் பொறுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். எனக்குப் பொறுமைதான் இருக்கிறது, டாலரன்ஸ் தெரியாது என்றேன். ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தார். எல்லாமே பிடித்துவிட்டது. அதுதான் அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

கிட்டாரை என் கையில் கொடுத்தார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் அதே பெடல்களில் வாசித்தேன். உள்ளே வந்து ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டார். இப்போதுதானே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றீர்கள் என்று பாஸ்கர் அண்ணன் கேட்டதற்கு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "பார்ட்டு செஞ்சவனே செக் பண்ணா எல்லாமே ஓகேதான் பாஸ்."

ஒரு குறையும் இல்லாத பெடல்

ஜோசப் அண்ணன் பெடலைத் திருப்பிக் கொண்டுவந்தார். சத்தம் மங்கலாக இருக்கிறதாம். வேறு கொடுத்தோம். அதுவும் மங்கல் என்று மறுபடி வந்தார். காதில் அடைக்கிற பஞ்சு கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே தொங்கியது. வேலை நேரத்திலும் அங்கேதான் தொங்குமாம். காதில் வைத்தால் பக்கத்தில் நிற்கிறவன் கூப்பிடுவது கேட்காது என்றார்.

அன்றைக்கு எடுத்துக் காட்டிய பெடல் பழுது. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் உஸ்ஸென்று ஒரு மூச்சு வருமே, அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டு அணைக்கப் போனேன். எதற்கு அணைக்கிறாய் என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு அந்த உஸ் என்கிற சத்தமே கேட்கவில்லை. அந்தப் பெடலை வேறு ஒருத்தர் சொல்லி வைத்திருக்கிறார் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். அவருக்கு மனசே இல்லை: "இதுல ஒரு கொறையும் இல்லியேப்பா, இதையே குடேன்."

அக்கா தனியாக வந்தது

அடுத்த வாரம் ஒரு அக்கா வந்தார். ஜோசப் அண்ணன் சம்சாரம், பெயர் ஸ்டெல்லா. சர்ச்சில் முன்னால் நின்று பாடுகிறவர். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பாட்டுக்கு அண்ணன்தான் கிட்டார். இப்போது கிட்டார் கீச்சென்று கத்துகிறது, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். அறுப்பின் பண்டிகை ஆராதனையிலிருந்து கீபோர்டு மட்டும் போதும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். அண்ணனிடம் அதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

எவ்வளவு திருகினாலும் கத்தாத பெடல் இருக்கிறதா என்று கேட்டார். அப்படி ஒன்று இருந்தால் எங்கள் கவுண்டரில் பாதிப் பெடல் தேவைப்படாது. நான் தயங்கியதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "அவருக்குக் காது மந்தமாயிக்கினு போவுது தம்பி. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கிட்டாரை உறையில போட்டு மூடிடுவாரு. நீ சொல்லிடாத."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்

நான் சொல்லவில்லை. வாசிக்கிறவரே பெடலைத் தேர்வு செய்யக் கூடாது, கூட வந்தவர்தான் வெளியே நின்று கேட்டுச் சொல்ல வேண்டும், இது கடையில் புது ரூல் என்று மட்டும் அண்ணனிடம் சொன்னேன். தினேஷ் சொன்ன காரணத்தையும் சொன்னேன். கம்பெனி லைனில் வேலை செய்கிறவர், உடனே ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை அக்காவோடு வந்து ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அக்கா கதவுக்கு வெளியே நின்றார். உள்ளங்கையைக் கீழே காட்டினால் ட்ரெபிளைக் குறைக்க வேண்டும், மேலே காட்டினால் ஏற்ற வேண்டும். அண்ணன் தனக்குப் பிடித்த இடத்தில் வைத்து வாசித்தார். அக்கா கை கீழே போனது. கொஞ்சம் குறைத்தார். மறுபடி கீழே. இன்னும் குறைத்தார். மறுபடி கீழே. அவருக்குத் துணி பொத்தின மாதிரிக் கேட்கிற இடமும் தாண்டிப் போய்விட்டது. அண்ணன் கை கம்பியிலேயே நின்றுவிட்டது. குமிழைப் பார்த்தார், கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தார். நான் கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தேன், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்த இடத்திலேயே வைத்து ஒரு பாட்டு வாசித்தார். வெளியே அக்கா உதடு அசைந்தது, பாடுகிறார். கதவு சாத்தியிருந்ததால் எனக்கும் கேட்கவில்லை. அண்ணன் உதட்டைப் பார்த்துப் பார்த்தே தாளம் தப்பாமல் கூடப் போனார். பாட்டு முடிந்ததும் என்னிடம் டேப் வாங்கி, குமிழ் நகராதபடி மேலே ஒட்டினார். அக்கா உள்ளே வந்தார். எத்தனை நாளாகத் தெரியும் என்று அண்ணன் தலை நிமிராமலே கேட்டார். போன வருஷத்திலிருந்து என்றார் அக்கா. காது டாக்டர் பேச்சை ஆரம்பித்ததும் சின்னதாக ஒரு சண்டை வந்தது, அக்காதான் ஜெயித்தார். அண்ணன் கிட்டாரை உறையில் போடாமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு எழுந்தார்: "சரி ஸ்டெல்லா, நான் வாசிக்கிறேன். ரெண்டு பேருக்கும் சேத்து நீயே கேட்டுக்கோ."

அறுப்பின் பண்டிகைக்குக் கீபோர்டும் வந்ததாம், கிட்டாரும் இருந்ததாம், யாரும் காதைப் பொத்தவில்லையாம்; எது நல்ல சத்தம் என்று இப்போதும் வருகிறவர்கள் கேட்கிறார்கள், நானும் அவர்களோடு யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெடலை எடுக்கிறேன்.