மருங்காபுரிக்குப் போன கார்டு

என் மகள் எதையாவது தாண்டிக் குதிக்கப் போனால் என் கை தானாக நீண்டு அவள் சட்டையைப் பிடித்துவிடுகிறது. பிடித்த பிறகு, விட்டிருக்கலாமோ என்று தோன்றும். அப்போதெல்லாம் மாமாவின் சதுரங்கம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அம்மாவின் தம்பியான அவர் அந்த நாளில் ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்தார். திருச்சியில் ஓர் அச்சகத்தில் வேலை. அவரும், மருங்காபுரியில் வாத்தியாராக இருந்த அவருடைய சிநேகிதரும் தபால் கார்டிலேயே சதுரங்கம் ஆடினார்கள். கட்டங்களுக்கு ஒன்று முதல் அறுபத்துநாலு வரை எண் கொடுத்திருந்தார்கள். காயின் பெயரும் அது போகும் கட்டத்தின் எண்ணும் மட்டும் கார்டில் இருக்கும்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் நாலாவது நகர்த்தலில் மாமா ஒரு வேலை செய்வார். எதிராளியின் குதிரை காவல் காக்கும் சிப்பாயைத் தம் குதிரையால் வெட்டுவார். அடுத்த கார்டில் அந்தக் குதிரை போய்விடும். ஒரு சிப்பாய்க்காக ஒரு முழுக் குதிரை. நான் பார்க்க இரண்டு முறை அப்படியே தோற்றார். எட்டு வயதில் எனக்கு இது தீராத ஆச்சரியம். தெரிந்தே ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவன் முழிப்பான் பாரு, அதுக்குத்தான்" என்றார்.

அவர் மருங்காபுரியில் முழிப்பது இங்கே எப்படித் தெரியும் என்றேன். கார்டைப் பார்த்தாலே தெரியுமாம். நானும் வந்த கார்டுகளையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்தான் இருந்தது.

மறுபடி புதிதாக ஆடத் தொடங்கியபோது, நாலாவது கார்டைத் தபால் பெட்டியில் போட என்னிடம் கொடுத்தார். பென்சிலில் 'குதிரை 37' என்றிருந்தது. ஒரு தடவையாவது மாமா ஜெயிக்கட்டுமே என்று எனக்கு ஆசை. ரப்பரால் அழித்தேன். குதிரை பத்திரமாக நிற்கட்டும் என்று ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்த முடிவு செய்து, அவர் எழுத்து மாதிரியே 'சிப்பாய் 17' என்று எழுதினேன். பெட்டியில் போட்ட மறு நிமிஷம் பயம் வந்துவிட்டது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

மூன்றாம் நாள் பதில் கார்டு வரவில்லை, சிநேகிதரே வந்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் கேட்டார்.

"அவன் எங்கக்கா?"

வேலைக்குப் போயிருக்கிறான் என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார்.

"போன ஆடியில இப்படித்தாங்க்கா ஆடுனான். ஒரு காயையும் விடாம பொத்திப் பொத்தி வெச்சான். புத்தி வந்துருச்சுன்னு நெனச்சேன். ஒரு வாரத்துல கொள்ளிடத்துல இருந்து தூக்கிட்டு வந்தாங்க."

அம்மா கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அடிக்க ஓங்கிய கையை அம்மா பாதியில் நிறுத்தினாள். சிநேகிதர், நீயா எழுதினாய், நீயேதானா என்று மூன்று முறை கேட்டார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஒன்றும் திட்டவில்லை.

சாயங்காலம் மாமா வந்தபோது, சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சிநேகிதர் சொன்னார். கார்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பலகையை வைத்து, முதல் மூன்று நகர்த்தலுக்கான காய்களை அவரே நகர்த்தி அடுக்கினார்.

"ம், வெட்டுடா" என்றார்.

மாமா சிரித்துக்கொண்டே குதிரையால் வெட்டினார். அரைமணி நேரத்தில் தோற்றும் போனார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் ஜெயித்தவர்தான்.

முந்தின ஆடியில் மாமா கொள்ளிடத்தில் குளிக்கப் போனபோது கால் வழுக்கிவிட்டது என்றுதான் வீட்டில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். கால் வழுக்கியதற்கும் ஒரு சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று, அந்தப் பலகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.