துவைக்கிற கல்லில் சிவப்புப் புள்ளிகள்

எங்க ஊரில் 'கீழே போயிருக்கார்' என்றால் வேலைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். தங்கச் சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆகியும், பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறவனைக்கூட "கீழ கிளம்பிட்டியா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் அக்கா புருஷன் அப்படி ஒருவர். பூமிக்கடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே ஷிப்ட் வெற்றிலை போடுவது.

போன மாதம் அதற்கும் ஆபத்து வந்தது. எங்க ஊர் கோரமண்டல் பகுதியில் அவர்கள் வீட்டுப் பின்பக்கம் சாக்கடைக்குப் பள்ளம் தோண்ட, துவைக்கிற கல்லை நகர்த்தினார்கள். கடப்பாரை பட்டு ஒரு சில்லு பெயர்ந்தது. கன்னங்கரேலென்ற கல்லில் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள். கண்ணாடி போடாத அக்கா கல்லைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், வெற்றிலைப் பெட்டியைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். கறை போனால்தான் பெட்டி.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மாமா கல் முன்னால் குந்திக்கொண்டு ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலை இல்லாத வாய் சும்மாவே அசைந்தது.

"உன் தம்பி ரயில்ல கல்லு புஸ்தகமா படிச்சிக்கினு போறானே, அவனைக் கேளு" என்றார் அக்காவிடம்.

குனிந்து பார்த்தேன். "இது எச்சில் இல்லக்கா. கார்னெட். மோதிரத்துல வைக்கிற ஜாதி."

"அப்ப விக்கலாமா?"

"இது விரிசல் விட்டது. யாரும் வாங்க மாட்டாங்க."

"அதுக்கு எச்சிலே தேவலை" என்றாள்.

விடாமல் சொன்னேன். இந்தக் கல் ஒரு காலத்தில் கடலடியில் கொட்டிய எரிமலைக் குழம்பு. அப்புறம் இரண்டு பெரிய நிலத்துண்டுகள் மோதியபோது நடுவில் மாட்டி ஆழத்துக்குப் போனது. அங்கே உருகாமலே, சூட்டிலும் பாரத்திலும் உருமாறியது. இந்தச் சிவப்பு மணிகள் அப்போது முளைத்தவை. எந்த மணி முளைத்திருக்கிறது என்பதை வைத்தே எவ்வளவு ஆழத்துக்குப் போய்வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

"கோடெல்லாம் ஒரே பக்கமா ஓடுது பாரு. பங்காருபேட்டையில கூட்டம் ஏறினா ரயில்ல நாங்க எல்லாம் ஒருக்களிச்சு நிப்போமே, அது மாதிரி. ரெண்டு பக்கமும் நெருக்கினா கல்லுக்குள்ள இருக்கிற துணுக்கும் ஒருக்களிச்சுக்கும். அவ்ளோ பாரம் மேல இருந்துச்சுன்னா அது மலைதான்."

"மலைதான் அதோ இருக்குதே" என்று அக்கா சயனைட் மேட்டைக் காட்டினாள். எங்க ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. தங்கம் எடுத்தபின் கொட்டிய மண்குவியலையே மலை என்று பிள்ளைகளுக்குக் காட்டி வளர்த்துவிட்டோம்.

"அது நாம கொட்டினது. நான் சொல்ற மலை மழையில கரைஞ்சு போச்சு. மேல கரையக் கரைய, அடியில இருந்தது கொஞ்சம் கொஞ்சமா மேல வந்துச்சு. நாம அந்த மலையோட அடிவேர்ல குடியிருக்கோம்."

மாமா தேய்ப்பதை நிறுத்தினார். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர் அல்லவா? "கேஜ் இல்லாமயா மேல வந்துச்சு?"

"கேஜ் இல்லாமதான்."

"அதான் இவ்ளோ லேட்டு."

அக்காவுக்கு இந்தக் கதையெல்லாம் சாட்சியாகாது. கத்தியைக் கொண்டுவந்து புள்ளியைச் சுரண்டினாள். ஒன்றும் உதிரவில்லை. இன்னும் அழுத்தினாள். கத்தி முனைதான் மழுங்கியது.

"சரி, இது மலையோட வேலை" என்றாள் கடைசியில். பிறகு பின்சுவர்ப் பக்கம் திரும்பினாள். "அந்தச் சுவத்து மேல இன்னா மலைப்பா ஏறி உக்காந்துச்சு?"

வெள்ளையடித்த சுவரில், உட்கார்ந்தபடியே ஒருவர் துப்பக்கூடிய உயரத்தில், சிவப்பாக ஒரு ஒழுகல். மாமா என்னைப் பார்த்தார். அதைப் பற்றி நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அக்கா உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பெட்டியோடு ஒரு காலி பெயிண்ட் டப்பாவும் வந்தது. மாமா பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், டப்பாவைக் கால் விரலால் கிட்டே இழுத்துக்கொண்டார்.