அய்யா கை நனைத்த பகல்

எங்களைப் பெற்ற அய்யா மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் அய்யாவின் சந்தைத் தோழர்களுக்கும் என் வணக்கம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான் என்பதால் இதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையில் நான் செய்த பிழையையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அபிராமத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர் அய்யா. இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்து, மிளகாய் மூட்டை சுமந்து, பின்னர் பரமக்குடியில் தாமே மிளகாய் வியாபாரம் செய்தார். நுனியைக் கடித்துப் பார்த்தே எந்த ஊர்க் காட்டில் விளைந்த மிளகாய் என்று சொல்லிவிடுவார். வெற்றிலையோடு புகையிலையும் ஓயாது போடுவார். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது நாக்கின் ஓரத்தில் வந்த புண் ஆறவே இல்லை; புற்றுநோய் என்றார்கள். சென்னையில் அறுவை செய்து பாதி நாக்கை எடுத்து, கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள்.

உயிரோடு திரும்பினார். அதையே பெரிதென்று நினைத்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளையும் வாழ வேண்டியிருந்தது என்பதை மெல்லத்தான் அறிந்தோம். எச்சில் ஊறாமல் வாய் காய்ந்துவிடும்; தண்ணீர்ச் செம்பு இல்லாமல் அய்யா எங்கும் போவதில்லை. மிளகாய் வியாபாரியின் வாய் மிளகாயைத் தாங்கவில்லை. ஒடித்து மோந்து பார்த்துத் தரம் சொல்லப் பழகிக்கொண்டார். குழையப் பிசைந்த சோற்றை விரலால் தள்ளி, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து விழுங்குவார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். யார் கண்ணிலும் படாமல் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்.

அவர் பேச்சு எனக்குத்தான் உடனே புரியும். அவர் தொடங்குவதற்குள் நானே முடித்துவிடுவேன். கல்யாண வீடுகளில் பந்திக்கு அழைத்தால், "அய்யா இன்னைக்கு விரதம்" என்பேன். அய்யாவின் மானத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டேன். நான்கு ஆண்டுகள் இப்படியே போயின.

அக்காவுக்கு மண்டபம் என்ற கடலோர ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க அய்யா, தாய்மாமா, இன்னும் சிலரோடு, அய்யாவின் பேச்சை எடுத்துச் சொல்ல நானும் ரயிலில் போனேன். அங்கே சாப்பிட்டுக் கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று பொருள். அது தெரிந்தும், சாப்பிடக் கூப்பிட்டதும் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன், "அய்யா விரதம்" என்று.

மாப்பிள்ளையின் தாயார் கையில் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"நல்ல காரியம் பேச வந்த நாள்ல விரதமா? எங்க வீட்டுச் சோறு எறங்காதுன்னா நேராச் சொல்லிருங்கண்ணே. எங்க பையனுக்கும் காலு கையி நல்லாத்தான் இருக்கு."

தாய்மாமா பதறினார். "அப்பிடியெல்லாம் இல்லத்தா, அவுகளுக்கு ஒடம்புக்கு..."

"அதான் விரதம்னு பிள்ள சொல்லுதே. எது நெசம்?"

அக்காவின் வாழ்வு என் வார்த்தையில் அறுந்து தொங்கியது. நான் மறுபடி வாயைத் திறந்தேன். அய்யா கையால் என்னை நிறுத்தினார். தாமே பேசினார். யாருக்கும் விளங்கவில்லை. நான் சொல்லட்டுமா என்று பார்த்தேன். வேண்டாமென்று தலையசைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடி சொன்னார்.

"விரதம் இல்ல. பாதி நாக்கு இல்ல. இலை போடுங்க. நேரமாகும்."

அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "இலை போடச் சொல்றாக," என்றார் மெதுவாக. "ரசத்தக் கொண்டாங்க. சோத்தக் கொழைச்சு எடுத்தாங்க."

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அய்யா பந்தியில் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து, விரலால் தள்ளி, துண்டால் வாயைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். எனக்கு நிமிர்ந்து பார்க்கக் கூசியது. மற்றவர்கள் மோர்ச்சோறு வரைக்கும் முடித்தபோது அய்யாவின் இலையில் பாதிச் சோறு இருந்தது. ஒருவரும் எழவில்லை. கைகள் காய்ந்தன. மாப்பிள்ளையின் தகப்பனார் கடைசிப் பிடிச் சோற்றை இலையில் அப்படியே வைத்துக்கொண்டு, "எனக்கு இன்னுங் கொஞ்சம் மோர் ஊத்து," என்று மூன்று முறை கேட்டார்.

"எத்தன மோரு? வயிறா, ஊருணியா?" என்றார் அவர் மனைவி.

"ஊத்துத்தா. சம்பந்தி சாப்பிடுறாகல்ல."

நாங்கள் திரும்ப வேண்டிய வண்டி ஊதிக்கொண்டு போனது. "போனாப் போகுது, அடுத்தது வரும்," என்றார் அவர். அய்யா கடைசி வாய்த் தண்ணீரைக் குடித்து நிமிர்ந்த பிறகே வரிசை முழுவதும் எழுந்தது.

அதன் பின் அடுப்படிக் கதவு சாத்தப்படவில்லை. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் வரிசையில் கடைசியாக முடிவது அய்யாவின் இலைதான். நானும் அவர் பேச்சை முடித்து வைப்பதை விட்டேன்; பேசி முடியும் வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். அந்த நோய் திரும்பவே இல்லை. சென்ற ஆண்டு சில நாள் காய்ச்சலில் அமைதியாகப் போய்விட்டார்.

அறுவை செய்த மருத்துவருக்கும், விழுங்கப் பழக்கிய செவிலியருக்கும், ஒவ்வொரு வேளையும் தனியாகக் குழைத்து வைத்த அம்மாவுக்கும் எங்கள் நன்றி. மண்டபத்தில் கை காயக் காய உட்கார்ந்திருந்தவர்களுக்கு நன்றி சொல்ல எனக்குச் சொல் போதவில்லை. இன்று அய்யாவின் பெயரால் இடும் பந்தியில் அமரும் உங்களை ஒன்றுமட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வரிசையில் மெதுவாகச் சாப்பிடுபவர் ஒருவர் இருப்பார். அவர் முடிக்கும் வரை யாரும் எழ வேண்டாம். மோர் வேண்டிய மட்டும் இருக்கிறது.