செத்துப்போனதாகக் கோடு போட்ட பெண்ணைத் தேடி விருத்தாசலத்துக்கு

போன மாசியில் ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து விருத்தாசலம் போய் வந்தேன். மாசி மகத்துக்கு முந்தின வாரம். ஆனால் நான் போனது கோயிலுக்கு இல்லை. சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் மரபணு ஆலோசனைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பதினெட்டு வருடம் வார்டில் ஓடியாடிவிட்டு, மேற்படிப்பு முடித்து, இப்போது குடும்ப மரம் வரைகிற மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், இறந்தவர் என்றால் அதன் குறுக்கே ஒரு கோடு. இந்த மாதிரி வேலையாக வெளியூர் போகப்போகிற செவிலியர்கள் இரண்டு மூன்று பேர் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெயர்கள் எல்லாம் மாற்றியவை. எழுதச் சம்மதம் கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டேன்.

காரணம் விஜயா. நாற்பத்தொரு வயது, விருத்தாசலம் பக்கம் கருவேப்பிலங்குறிச்சி. மார்பகப் புற்றுநோய்க்கு எங்களிடம் ஏழு மாதம் சிகிச்சை எடுத்தார். அவருடைய அம்மாவும் முப்பத்தெட்டு வயதில் "மார்ல கட்டி" வந்து போனவர் என்பதால் மரபணுப் பரிசோதனை செய்தோம். பரம்பரையாக வரக்கூடிய ஒரு மாற்றம் இருந்தது. அப்படி இருந்தால் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க சரிபாதி வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் வருடா வருடம் ஸ்கேன் பார்த்து, ஆரம்பத்திலேயே பிடித்து, உயிரைக் காப்பாற்றிவிடலாம். விஜயாவைக் காப்பாற்ற முடியவில்லை. போவதற்கு முன்னால், தன் ரத்த உறவுகளுக்கு விஷயத்தைத் தெரிவிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

விஜயாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் வரைந்த மரத்தில் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர். தம்பி சேகர், சதுரம். தங்கை கலா, வட்டம், குறுக்கே கோடு. பத்தொன்பது வயதில் செத்துவிட்டாள் என்று சொன்னார்கள். ஆக, பாக்கி இருந்தது சேகர் மட்டும்தான். விஜயா போன பிறகு, வயலை விட்டு வர முடியாது என்று மூன்று முறை தள்ளிப்போட்டார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். சரி, நாமே போய் ரத்தம் எடுத்துவிடுவோம் என்று விடுமுறை நாளில் கிளம்பினேன்.

கிளாம்பாக்கத்தில் காலை 5.30க்கு அரசுப் பேருந்து. டிக்கெட் 215 ரூபாய். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாக சுமார் 200 கிலோமீட்டர். 10.15க்கு விருத்தாசலம் பேருந்து நிலையம். தனியாக இருப்பவர்களுக்குப் பயணம் பிடிக்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. எனக்குப் பிடிக்காது. இறங்கியதும் எல்லாரும் போனை எடுத்து "வந்துட்டேன்" என்கிறார்கள். நானும் எடுத்தேன். சொல்ல ஆளில்லை, மணி பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டேன். ஊரார் குடும்பத்தையெல்லாம் மூன்று தலைமுறைக்கு வரைகிறவள் நான். என் மரத்தை வரைய அரைத் தாள் போதும்.

கருவேப்பிலங்குறிச்சிக்கு 10.50க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அரை மணி நேரம். சேகர் பைக்கோடு நிறுத்தத்தில் நின்றார். வீட்டில் காபி, முறுக்கு, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைக்கிற மரியாதை எல்லாம் நடந்தது. அப்புறம்தான் வழக்கமான கேள்வி வந்தது.

"பொம்பளைங்களுக்கு வர்ற நோவுக்கு ஆம்பள ரத்தம் எதுக்கு மேடம்?"

"உங்களுக்கு நோய் வராமலேயே உங்க வழியா உங்க பொண்ணுங்களுக்குப் போகலாம் சார்" என்றேன். அவர் இறுகிய முகத்தோடு உள்ளே விளையாடிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்தார். நல்ல மனிதர் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை.

ஒரு மணிக்குக் கிளம்பினேன். சேகர் வயலுக்குப் போக வேண்டியிருந்ததால் அவர் மனைவி சுமதி என்னோடு நிறுத்தம் வரை நடந்து வந்தார். வழியெல்லாம் வெயிலைப் பற்றித்தான் பேச்சு. பஸ் தூரத்தில் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, கூடப்பொறந்தவங்க எல்லாருக்கும் பாக்கணும்னு சொன்னீங்கல்ல. கலா உசுரோடதான் இருக்குது."

எனக்குப் புரியவில்லை. வந்த பஸ் போய்விட்டது. சுமதி வேக வேகமாகச் சொன்னார். பதினேழு வருடத்துக்கு முன்னால் கலா வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். வீட்டில் எல்லாரும் தலை முழுகினார்கள். அது வாய்ச்சொல் இல்லை, நிஜமாகவே குளத்தில் முழுகினார்கள். கண்ணீர் அஞ்சலி என்று கலாவின் பள்ளிக்கூடப் போட்டோவைப் போட்டு நிறுத்தத்திலேயே பேனர் வைத்தார்கள். பதினாறாம் நாள் காரியமும் செய்தார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அந்த வீட்டில் ஒரே பதில்தான், செத்துட்டா.

"விருத்தாசலத்துலதான் பீங்கான் கம்பெனியில வேல செய்யுது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பேசுவேன். அவுருக்குத் தெரியாது. நீங்க சொல்லிடாதீங்க."

குடும்ப வரலாறு எடுத்த அன்று சேகர் விஜயாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "சின்னவ?" என்று கேட்டேன். சேகர்தான் பதில் சொன்னார். விஜயா தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். எதனால் இறந்தாள் என்று அடுத்து கேட்க வேண்டும், அது பாடத்தின் முதல் பக்கம். துக்கம் தாங்காமல் குனிகிறார் என்று நினைத்து நான் கேட்கவில்லை. இரக்கப்பட்டு ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டேன்.

விஜயாவின் கையெழுத்து ரத்த உறவுகள் எல்லாருக்கும் பொருந்தும். அது இல்லாவிட்டால் எனக்குப் போகிற உரிமையே கிடையாது. அப்படியும் முதலில் கலாவுக்கு விருப்பமா என்று கேட்கச் சொன்னேன். சுமதி போன் செய்து, இரண்டு நிமிடம் பேசி, "நாலு மணி டீக்கு வெளிய வருமாம்" என்றார்.

1.40 பஸ்ஸில் விருத்தாசலம் திரும்பினேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே சாப்பாடு 90 ரூபாய், ரசம் நன்றாக இருந்தது. மீதி நேரம் நிலையத்து சிமெண்ட் பெஞ்சில் போனது. மகத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது, ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்கும் திட்டக்குடி பஸ்ஸுக்கும் குடும்பம் குடும்பமாக ஓடினார்கள். புதுத் தாள் எடுத்து மரத்தைத் திரும்ப வரையலாம் என்று பார்த்தேன், தாள் இல்லை. அந்த ஒரு மணி நேரம்போல் தனியாக நான் எங்கேயும் இருந்ததில்லை. செய்த தப்பை யாரிடமாவது சொல்லித் திட்டு வாங்கினாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

தொழிற்பேட்டைக்கு ஆட்டோ 80 ரூபாய், சுமார் மூன்று கிலோமீட்டர். ஓட்டுநர், "பொம்மை வாங்கவா மேடம்? நல்ல கம்பெனி காட்டறேன்" என்றார். ஆளைப் பார்க்க என்றேன். கலா வேலை செய்யும் இடத்தில் பொம்மை கிடையாது, ஃபியூஸ் கட்டை செய்கிறார்கள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்ததை, சூளைக்குப் போவதற்கு முன் ஈரப் பஞ்சால் ஓரம் தேய்த்து வழவழப்பாக்குவது அவர் வேலை. முழங்கை வரை வெள்ளைத் தூளோடு வந்தார். விஜயாவை விட உயரம். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பத்து நிமிடம்தான் என்றார்.

அக்கா இறந்தது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். சுமதி சொல்லிச்சு. அன்னிக்கு பஸ் ஏறிப் போனேன். எங்க வூடு ரோட்டு மேலயே இருக்குது, பாத்திருப்பீங்க. பந்தல் தெரிஞ்சுது. நான் எறங்கல. அடுத்த ஊருக்குப் போயி, அதே பஸ்ஸுல திரும்பி வந்தேன். ரெண்டு வாட்டி பாத்தேன், போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு."

விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க மரத்தை எடுத்து விரித்தேன். வேறு தாள் இல்லாததால் பழையதே. அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இது அக்கா. இது அண்ணன். இதுல நான் எது மேடம்?"

காட்டினேன்.

"கோடு போட்டா செத்தவங்களா?"

"ஆமாம்மா. நான்தான் போட்டேன். தப்பு."

"நீங்களுமா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பதில் அவர் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

சரிபாதி வாய்ப்பு, ரத்தப் பரிசோதனை, இருந்தால் என்ன செய்யலாம், பதினான்கு வயது மகளுக்கு இப்போதைக்கு ஒன்றும் தேவையில்லை என்பதெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"சொத்துல ஒரு செங்கல்லு தரல. இதுல மட்டும் எனக்குப் பங்கு இருக்குதா?"

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இன்னிக்கே முடிவு பண்ண வேணாம். வூட்டுக்காரர்கிட்ட பேசிட்டுச் சொல்லுங்க, நான் திரும்ப வரேன்."

"அவுரு லோடு வண்டி ஓட்டறாரு, ஆறு நாளா ஊர்ல இல்ல. நீங்க எடுங்க."

குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். எடுத்தேன். படிவத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் நிரப்பப் போனேன். அவர் பேனாவை வாங்கி, "தங்கச்சி" என்று தானே எழுதினார். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மணி அடித்தது, போயிட்டு வரேன் என்று எழுந்துபோனார்.

ஆறு மணிப் பேருந்தில் நின்றுகொண்டே கிளம்பி, விழுப்புரத்தில் உட்கார இடம் கிடைத்தது.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாசி மகத்தை ஒட்டிப் போகாதீர்கள், பஸ்ஸில் கால் வைக்க முடியாது. டவுன் பஸ் நேரத்தை நம்பி அடுத்த வேலையை வைக்காதீர்கள். ரத்தம் எடுக்கிற குழாய்களைத் தேவைக்கு மேல் இரண்டு கூடுதலாகக் கொண்டுபோங்கள், எனக்கு அது கைகொடுத்தது. புதுத் தாளும் கொண்டுபோங்கள். சம்மதக் கடிதத்தின் நகல் பையில் இருக்கட்டும். இறந்தவர் என்று யாரையாவது சொன்னால் எப்போது, எதனால், எந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். மனசு கஷ்டப்படுவார்களே என்று விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்ப வரலாறு எடுக்கும்போது கூட வந்தவரை டீ குடிக்க அனுப்புங்கள். அண்ணன், தம்பி, புருஷன், மாமியார் யாராக இருந்தாலும் சரி. இப்போது நான் பத்து நிமிடம் அனுப்பிவிடுகிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை பேர் உயிரோடு எழுந்து வருகிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

சேகரின் முடிவு அவருடையது, இங்கே எழுத முடியாது. கலாவுடையது ஐந்து வாரத்தில் வந்தது. லீவு கிடைக்காது, போனிலேயே சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். டீ நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"அந்த மாற்றம் உங்களுக்கு இல்லம்மா. உங்க பொண்ணுக்கும் உங்க வழியா வராது. எல்லாப் பொம்பளைங்களும் பாத்துக்கற மாதிரி பாத்துக்கிட்டாப் போதும்."

இதை நான் சந்தோஷமாகச் சொன்னேன்.

"அக்காகிட்ட இருந்தது எங்கிட்ட இல்லையா?"

"இல்லம்மா."

"இதும் இல்ல" என்றார். அழ ஆரம்பித்துவிட்டார். கெட்ட செய்திக்கு என்ன பேச வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் உண்டு, நல்ல செய்திக்கு அழுகிறவர்களுக்கு இல்லை. நான் போனை வைக்கவில்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"ஏழு மாசம் கூடவே இருந்தீங்களே மேடம். என்னப் பத்தி எதுனா சொன்னாளா?"

சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் ஆறியிருக்கும், எனக்கும் ஆறியிருக்கும்.

"சொல்லலம்மா. உங்க அண்ணன் எப்பவும் பக்கத்துல இருந்தாரு."

"தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பாளா?"

"தெரியலம்மா" என்றேன். "நான் கேக்கல."