இரண்டாவது கச்சரின் கையெழுத்து

போன கிழமை அலுவலகத்தில் ஒரு தம்பி கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பேஸ்போல் பந்தைக் கொண்டுவந்து காட்டினான். பிரபல வீரரின் கையெழுத்து, மினுங்கும் ஸ்டிக்கர், உண்மையானது என்று ஒரு சான்றிதழ்.

"ஆளை நேரில கண்டனீரோ?"

"இல்லை அக்கா, ஒன்லைன்ல ஓடர் பண்ணினது."

மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். மார்க்கர் மணமே இல்லை. எனக்கு வந்த எரிச்சலை அவனுக்கு விளக்க மதிய இடைவேளை போதாது. நீங்கள் ஆறுதலாகக் கேளுங்கள்.

தொண்ணூற்றுநான்காம் ஆண்டு, படித்து முடித்து, மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் முதல் வேலையில் இருந்தேன். வீடு டோர்செட் பார்க் என்ற பகுதியில், மாடிக் குடியிருப்பு. எங்கள் நகரத்து அணி அடுத்தடுத்து வெற்றிக்கோப்பை வாங்கியிருந்த காலம். எல்லாரும் நட்சத்திர வீரர்களைத் துரத்தினார்கள். நான் துரத்தியது, முறை வருமோ என்று வாங்கில் குந்தியிருந்த மாற்று வீரர்களை. நட்சத்திரங்கள் காரில் போய்விடுவார்கள், வாங்கில் இருப்பவர்கள் விளையாட்டரங்கின் பக்கக் கதவால் நடந்து வருவார்கள். இது கொள்கையல்ல, வசதி.

அவர்களில் மூன்று வகை. கேட்டவுடன் கையெழுத்துப் போடுபவர். "அடுத்த முறை" என்று சொல்லி, அடுத்த முறை போடுபவர். "அடுத்த முறை" என்று மட்டும் சொல்பவர். இரண்டாவது கச்சர் மூன்றாவது வகை. கச்சர் என்றால் பந்தைப் பிடிக்கக் குந்தியிருப்பவர். முதல் கச்சருக்கு ஏதும் நடந்தால் இவர். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. பெயரை எழுதினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

வீரர் படம் போட்ட அட்டைகளை வைக்கும் பிளாஸ்டிக் தாளில் ஒன்பது அறைகள் இருக்கும். எட்டு நிரம்பிவிட்டது. இவர் மட்டும் மிச்சம். கோடை முழுவதும் வேலை முடிய கென்னடி வீதிப் பஸ், பிறகு சப்வே, பிறகு அந்தக் கதவு. பளபளக்கும் அட்டையில் மை வழுக்கும் என்பதால், பேபி பவுடர் தொட்டு மெல்லத் துடைத்துக்கொண்டு போவேன். அம்மாவுக்கு என் கைப்பையின் மணத்தில் சந்தேகம். "ஆருக்கடி பவுடர் பூசிக்கொண்டு போறாய்?" அட்டைக்கு என்றால் நம்புவாரா?

ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு மாலை, அவர் நின்றார். நீல மார்க்கரால் முழுப் பெயரையும் எழுதினார். காயும்வரை ஊதினார். நானும் ஊதினேன். வீட்டுக்கு வந்து, மை நன்றாக இறுகட்டும் என்று சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் மேசையில் கிடக்கும் எந்த முக்கியமான கடதாசிக்கும் ஒரே முடிவுதான். அப்பா அதை பிளாசாவிலுள்ள போட்டோக்கொப்பிக் கடைக்குக் கொண்டுபோய் லமினேற் பண்ணிவிடுவார். பிறப்புச் சான்றிதழ், என் டிப்ளோமா, தடுப்பூசி அட்டை, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள். ஊரில் அவருடைய கடதாசிகள் ஒரு மழையில் கூழானதிலிருந்து இந்தப் பழக்கம்.

"பிள்ளை, உன்ர ஆளையும் லமினேற் பண்ணிப்போட்டன். இனித் தண்ணி பட்டாலும் ஒண்டும் செய்யாது."

சூட்டில் மை இளகி, கையெழுத்து நீலப் புகையாகியிருந்தது. சுற்றிலும் தாராளமாகப் பிளாஸ்டிக் விளிம்பு விட்டிருந்ததால் ஒன்பதாவது அறைக்குள் நுழையவும் இல்லை.

"ஐயோ அப்பா, கையெழுத்துக் கலங்கிப் போச்சு."

"பேர் கீழ அச்சில கிடக்குத்தானே. பிறகென்ன?"

இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு அட்டை வாங்கி, பவுடரும் பூசி வைத்தேன். அந்தக் கிழமையே வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஆட்டம் அத்தோடு முடிந்தது.

அடுத்த சித்திரைக் கடைசியில் ஆட்டம் மறுபடி தொடங்கியபோது, அப்பா குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். லமினேற் பண்ணிய அட்டை அவர் கையில். கவனித்துத்தான் இருந்திருக்கிறார். "நானும் வாறன். அந்தாளோட நான் கதைக்கிறன். பிழை என்ர தானே." வழி முழுவதும் நான் தலையில் கை வைக்காத குறை.

கதவடியில் நின்ற காவலாளியிடம் அப்பா அட்டையை நீட்டினார். அவர் படத்தைப் பார்த்து, பெயரை வாசித்து, உதட்டைப் பிதுக்கினார். அந்த ஆளை அணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், எங்கே போனாரோ தெரியாது என்றார்.

ஒன்பதாவது அறையை நினைத்து எனக்கு அழுகை வந்தது. அப்பா அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அதே ஆண்டில் அவர் வேலைசெய்த தொழிற்சாலையும் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்தது.

"ஆளுக்கு வேற வேலை கிடைச்சிருக்குமோ?"

"எனக்கென்னண்டு தெரியும்?"

"பிள்ளைகுட்டிக்காரனோ தெரியாது" என்றார்.

அந்தப் பக்கக் கதவால் இப்போது யாரும் நடந்து வருவதில்லை. வீரர்கள் கறுப்புக் கண்ணாடிக் கார்களில் நிலத்தடியிலிருந்து நேரே ஏறிப் போகிறார்கள். தம்பியின் பந்தைப் பார்த்த அன்று இரண்டாவது கச்சரை இணையத்தில் தேடினேன். எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை பந்தை அடித்தார், எத்தனையை விட்டார், எல்லாம் வரிசை வரிசையாக இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன வேலை செய்தார் என்று மட்டும் ஓரிடத்திலும் இல்லை.